பதிமூன்று ஜெர்சி

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நேற்று ஒரு நண்பர் போன் செய்தார். "ஏன் சார், மைக்கேல் ஜோர்டன் இருக்கிறார், லெப்ரான் ஜேம்ஸ் இருக்கிறார். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு யாரோ இஷ் ஸ்மித்தாம், அவரைப் பற்றிப் பேசப்போகிறீர்களாமே?" என்றார். அவரைப் பற்றித்தான். ஜோர்டனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப்போவதில்லை.

இஷ்மேல் ஸ்மித் 1988இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்தில் பிறந்தவர். உயரம் ஆறடி. நம் ஊரில் ஆறடி என்றால் டவுன் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். என்பிஏவில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில், ஆறடி என்றால் குள்ளர். 2010இலிருந்து 2024 வரை 14 பருவங்கள் அங்கே ஆடினார். என்பிஏவில் மொத்தமே 30 அணிகள்தான். அதில் 13 அணிகளின் ஜெர்சியை இவர் போட்டிருக்கிறார். 2022 அக்டோபரில் டென்வர் அணிக்காக இறங்கியபோது இது சாதனையானது; அதற்கு முன்னால் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் நான்கு பேர்: சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித். நான்கு பேருக்கும் தலா 12 அணிகள். இது பெருமைப்படக்கூடிய சாதனையா, சங்கடப்பட வேண்டிய சாதனையா? 12 அணிகள் உங்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. 13 அணிகள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றன. இரண்டும் ஒரே கணக்குதான்.

இப்படிப்பட்டவரை அங்கே 'ஜர்னிமேன்' என்கிறார்கள். ஜர்னி என்றால் பயணம் ஆயிற்றே, ஊர் ஊராகப் போகிறவர் போலிருக்கிறது என்றுதான் நானும் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அகராதியைப் புரட்டினால் வேறு கதை. பிரெஞ்சு மொழியில் ஒரு நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். பழைய ஐரோப்பாவில் ஒரு தச்சர் தொழிலை முழுக்கக் கற்றுத் தேறியிருப்பார். ஆனால் சொந்தப் பட்டறை இருக்காது. இன்னொருவர் பட்டறையில் நாள்கூலிக்குப் போவார். அவர்தான் ஜர்னிமேன். தொழில் தெரியாதவர் இல்லை, பட்டறை இல்லாதவர். தமிழில் நாடோடி என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு அது ஒட்டவில்லை. நாடோடி தன் இஷ்டத்துக்குப் போகிறவர். இவரை அனுப்பிவைக்கிறார்கள்.

நாள்கூலி என்றேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என்பிஏவில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஜனவரி 5ஆம் தேதிக்குப் பிறகு எந்த அணியும் ஒருவரைப் பத்தே நாளுக்கு வேலைக்கு எடுக்கலாம். முடிந்ததும் இன்னொரு பத்து நாள் நீட்டிக்கலாம். அதற்கு மேலும் அவர் வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை ஒப்பந்தம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். முழுப் பருவத்துக்கு என்று கையெழுத்துப் போட்டவர்களிலும் பலருக்கு உத்தரவாதம் கிடையாது. ஜனவரி முதல் வாரத்துக்குள் கணக்கை முடித்துவிட்டால் பாக்கிச் சம்பளம் தர வேண்டியதில்லை. அந்த வாரத்தில் இவர்களுக்குப் போன் அடித்தாலே பயம்.

என் இளமையில் நானும் ஒரு நிறுவன அணிக்காகக் கொஞ்சம் ஆடியவன். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று பெரிய அணிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் எங்கள் கனவு. முட்டி போனாலும் நாற்காலி போகாது. 58 வயதுவரை கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். அமெரிக்காவில் இந்த ஆட்டக்காரர்களின் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்குத் திக்கென்றது அதனால்தான்.

சரி, அணி மாறுகிறவர்கள் எல்லா இடத்திலும் ஆடுகிறார்கள். பந்தைக் கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுக்கிறவர் பாயிண்ட் கார்டு; ஸ்மித்தும் அந்த இடத்தில் ஆடியவர்தான். நான் ஏன் பாயிண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டேன்? காரணம் இருக்கிறது. ஒரு சென்டர் அணி மாறினால் அவர் செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறாது. ரிங்குக்குக் கீழே நிற்க வேண்டும், ரீபவுண்ட் எடுக்க வேண்டும், வருகிற பந்தைத் தட்டிவிட வேண்டும். தூரத்திலிருந்து எறிகிறவருக்கும் அப்படித்தான். மூன்று புள்ளிக் கோடு எல்லா ஊரிலும் அதே தூரத்தில் இருக்கிறது. பாயிண்ட் கார்டின் தொழிலோ மற்ற நால்வரைத் தெரிந்துவைத்திருப்பது. அவருடைய சரக்கு அவர் உடம்பில் இல்லை, சக ஆட்டக்காரர்களின் பழக்கவழக்கத்தில் இருக்கிறது. அணி மாறினால் சரக்கு முழுவதும் பழைய ஊரில் தங்கிவிடும்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பாதிக்குள் போக 8 விநாடி. ரிங்கைப் பார்த்து எறிய மொத்தம் 24 விநாடி. நம் அணி சென்டர் மேலே வந்து ஸ்க்ரீன் போடுகிறார், அதாவது தூண் மாதிரி நிற்கிறார். பாயிண்ட் கார்டு அந்தத் தூணின் தோளை உரசிக்கொண்டு வளைகிறார். உரச வேண்டும், நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் விட்டால் எல்லாம் போச்சு. துரத்தி வந்தவர் தூணில் மோதி அரை அடி பின்தங்குகிறார். இப்போது எதிரே நிற்பவர் எதிரணியின் ஏழடிச் சென்டர் ஒருவர்தான். அவர் ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: பந்தோடு வருகிறவரை, தூணாக நின்றுவிட்டு ரிங்கை நோக்கி ஓடுகிறவரை. நல்ல பாயிண்ட் கார்டு அந்த ஏழடிக்காரரின் கண்ணைப் பார்க்க மாட்டார். இடுப்பைப் பார்ப்பார். கண்ணால் ஏமாற்றலாம், இடுப்பால் ஏமாற்ற முடியாது. இடுப்பு இந்தப் பக்கம் திரும்பியதா, அவர் காலுக்கும் தொங்கும் கைக்கும் நடுவே தரையில் ஒரே தட்டு; பந்து ஓடுகிறவர் கையில். திரும்பவில்லையா, அப்படியே உள்ளே போய் லே-அப்.

இதுவரை எல்லா அணிக்கும் பொது. சிக்கல் இதற்குப் பிறகுதான். ஓடுகிறவருக்குப் பந்தை எங்கே தருவது? பிலடெல்பியாவில் நெர்லன்ஸ் நோயல் என்று ஒரு சென்டர் இருந்தார், ஸ்மித்தோடு ஆடியவர். அவருக்குத் தலைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். எகிறிப் பிடித்து அப்படியே ரிங்குக்குள் அடித்துவிடுவார். அதே அணியில் ஜாஹ்லில் ஓக்காஃபர். அவருக்குத் தூக்கிப் போட்டுப் பயனில்லை. ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கையில் வாங்கி, நிதானமாக இரண்டு முறை தட்டி, திரும்பிப் போடுகிறவர் அவர். ஒரே ஆட்டம், ஒரே ஸ்க்ரீன், கடைசி அரை விநாடியில் ஆள் யார் என்பதைப் பொறுத்துப் பந்து போகிற இடம் வேறு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேரின் மனசும் கையும் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஸ்மித்துக்குப் பல ஊர்களில் கிடைத்த அவகாசம் சில நாள்கள், சில இடங்களில் ஒரே ஒரு காலைப் பயிற்சி.

போதாக்குறைக்குப் பெயர் வேறு மாறும். பந்தோடு வருகிறவரை நடுவுக்கு வரவிடாமல் ஓரக் கோட்டுப் பக்கமே அடைத்துத் தள்ளுகிற ஒரு தடுப்பு உத்தி உண்டு. ஓர் அணியில் அதற்கு 'ஐஸ்' என்று பெயர். இன்னோர் அணியில் 'புளூ'. வேறோர் அணியில் 'டவுன்'. பின்னாலிருந்து ஏழடிக்காரர் கத்துகிற ஒற்றைச் சொல்லைக் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே கால் நகர வேண்டும். போன வாரம் கேட்ட சொல்லுக்குக் கால் நகர்ந்துவிட்டால் இந்த வாரம் மானம் போய்விடும்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரரையும் தனியாகத்தான் பேசி வரவழைத்திருப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையேறி விடியவிடிய 'வள்ளி திருமணம்' நடத்துவார்கள். அந்த ஆர்மோனியக்காரர் யார் குரலுக்கு என்ன கட்டை என்று முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். எனக்கு ஸ்மித்தைப் பார்த்தால் அவர் ஞாபகம்தான் வரும். ஒரே வித்தியாசம்: ஆர்மோனியக்காரருக்கு எந்த ஊருக்குப் போனாலும் வள்ளி வள்ளிதான். இவருக்கு ஊருக்கு ஒரு நாடகம்.

அவர் கதைக்கு வருகிறேன். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடினார். புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கிற 2010 டிராஃப்டில் 60 பேரின் பெயரை வாசித்தார்கள். இவர் பெயர் இல்லை. வேகம் இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. தூரத்திலிருந்து எறிகிற கை மட்டும் நம்பும்படி இல்லை. ஹூஸ்டன் அணி எடுத்துக்கொண்டது. அடுத்த பிப்ரவரியில் மெம்ஃபிஸுக்கு டிரேட், அதாவது அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது. அந்த டிரேடில் பெரிய பெயர் ஷேன் பாட்டியர். ஸ்மித் கூடவே போனார்.

'கூடவே போனார்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்பிஏவில் சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் டிரேட் செய்யும்போது, இந்தப் பக்கம் போகிற சம்பளமும் அந்தப் பக்கம் வருகிற சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய நோட்டுக்குப் பெரிய நோட்டைக் கொடுத்த பிறகு கொஞ்சம் இடிக்கும். அங்கே சில்லறை தேவைப்படும். கணக்கு இடிக்காவிட்டாலும் ஆள் எண்ணிக்கையைச் சரிக்கட்ட ஒருவர் வேண்டும். குறைந்த சம்பள ஆட்டக்காரர்தான் அந்தச் சில்லறை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்க மாட்டார்கள். 2013 பிப்ரவரியில் ஆர்லாண்டோ ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்கு அனுப்பியபோதும் ஸ்மித் கூடவே போனார். அதே வருடம் ஆகஸ்டில் மில்வாக்கி இவரையும் இன்னொருவரையும் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டு கேரன் பட்லரை வாங்கியது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

மெம்ஃபிஸுக்கும் ஆர்லாண்டோவுக்கும் நடுவில் கோல்டன் ஸ்டேட். 2011 டிசம்பரில் அந்த அணி ஒரு பாயிண்ட் கார்டை வெளியே அனுப்பிய அதே மாதத்தில்தான் ஸ்மித்தை உள்ளே எடுத்தது. வெளியே போனவர் ஜெரமி லின். அவரை ஹூஸ்டன் எடுத்து, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதுவும் விட்டுவிட, நியூயார்க் போனார். அங்கேயும் நிலையில்லை, நண்பர் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். 2012 பிப்ரவரி 4ஆம் தேதி வேறு ஆள் இல்லாததால் இறக்கிவிட்டார்கள், 25 புள்ளி எடுத்தார். அதன் பிறகு நடந்த கோலாகலத்தை உலகமே பார்த்தது. உள்ளே வந்த ஸ்மித்தைக் கோல்டன் ஸ்டேட் அதே பருவத்திலேயே விட்டுவிட்டது. லின்னும் என்பிஏவில் மொத்தம் எட்டு அணிகள் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த ஜர்னிமேன் இனத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆன்டனி கார்ட்டர். அட்லாண்டாக்காரர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், தெருக் கோர்ட்டுகளில் ஆடியவர். பிறகு படிப்பைச் சரிசெய்துகொண்டு, ஹவாய் பல்கலைக்கழகம், சின்ன லீக் எல்லாம் சுற்றி 1999இல் மயாமிக்கு வந்து சேர்ந்தார். 2000 பிளே-ஆஃபில் நியூயார்க்கில் கூடுதல் நேரம் முடியப்போகிற கட்டத்தில் கடைக்கோட்டுப் பக்கத்திலிருந்து அவர் எறிந்த பந்து போர்டின் மேலாக எழும்பி உள்ளே விழுந்தது. மயாமி ஒரு புள்ளியில் ஜெயித்தது. போர்டுக்குப் பின்னாலிருந்து மேலே தாண்டி வந்தால் செல்லாது என்று நியூயார்க்காரர்கள் இன்றுவரை புலம்புகிறார்கள்.

ஆனால் கார்ட்டரின் பெயர் நிலைத்தது அந்தப் பந்தால் அல்ல, போகாத ஒரு கடிதத்தால். 2003 ஜூன் 30க்குள் 'நான் அடுத்த வருடமும் இருக்கிறேன்' என்று மயாமிக்கு எழுத்தில் தெரிவித்தால் அவருக்கு 41 லட்சம் டாலர். தெரிவிக்க வேண்டியவர் அவருடைய ஏஜென்ட் பில் டஃபி. கடிதம் போகவில்லை, தேதி தாண்டிவிட்டது. கார்ட்டர் சான் அன்டோனியோவில் அடிமட்டச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். மயாமிக்கோ எதிர்பாராத பணம் மிச்சம். அதையும் சேர்த்து லமார் ஓடமை எடுத்தார்கள். அடுத்த வருடம் ஓடமையும் கேரன் பட்லரையும் (பார்த்தீர்களா, வந்துவிட்டார்) பிரையன் கிராண்டையும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பி ஷகீல் ஓ'நீலைக் கொண்டுவந்தார்கள். 2006இல் மயாமி சாம்பியன். டஃபி தப்பை ஒப்புக்கொண்டு கார்ட்டருக்கு ஏற்பட்ட இழப்பைத் தன் கைப்பணத்திலிருந்து தவணை முறையில் வருடக்கணக்காகக் கட்டினார். கார்ட்டர் அவரை விட்டுப் போகவில்லை. ஒரு ஏஜென்டை நான் பாராட்டிப் பேசுவது இதுதான் முதல் தடவை, இனிமேல் வாய்க்குமா தெரியவில்லை.

மறுபடி ஸ்மித். ஃபீனிக்ஸ், மறுபடி ஹூஸ்டன், ஓக்லஹோமா சிட்டி. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு டிரேட். ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் விடுவித்தார்கள். பிலடெல்பியா எடுத்துக்கொண்டது. வேண்டுமென்றே பலவீனமான அணியை வைத்துக்கொண்டு, தோற்று, நல்ல டிராஃப்ட் இடம் பிடிக்கிற திட்டத்தில் அப்போது பிலடெல்பியா இருந்தது. அவ்வளவு மோசமான அணியில் ஸ்மித் வந்ததும் பந்து கொஞ்சம் ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது. பருவம் முடிந்ததும் சும்மா விட்டுவிட்டார்கள். அக்டோபரில் யார் எடுத்தது தெரியுமா? ஆடவிடாமல் அனுப்பிய அதே நியூ ஆர்லியன்ஸ்.

பிலடெல்பியா அந்தப் பருவத்தில் முதல் 18 ஆட்டத்தையும் தோற்றது. டிசம்பர் முதல் தேதி, பிலடெல்பியாவில் வளர்ந்த கோபி பிரையன்ட் லாஸ் ஏஞ்சலிஸ் அணியோடு கடைசி முறையாக அங்கே ஆட வந்த அன்று, எப்படியோ ஜெயித்துவிட்டார்கள். பிறகு மறுபடி தோல்வி மேல் தோல்வி. 31 ஆட்டம் ஆடி, ஜெயித்தது ஒன்று. நல்ல சென்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் கைக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. டிசம்பர் 24ஆம் தேதி, இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை இரண்டைக் கொடுத்து ஸ்மித்தைத் திரும்ப வாங்கினார்கள். ஜூலையில் சும்மா விட்ட ஆளை டிசம்பரில் விலை கொடுத்து! இரண்டு நாள் கழித்து ஃபீனிக்ஸில் ஆட்டம், அதுவும் அவருடைய பழைய ஊர்தான். பிலடெல்பியா ஜெயித்தது.

உடனே அற்புதம் நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பருவம் முடிந்தபோது 10 வெற்றி, 72 தோல்வி. ஆனால் அந்த 10இல் ஒன்பது ஸ்மித் வந்த பிறகு. ஆர்மோனியக்காரர் ஒருவர் வந்து சேர்ந்ததால் நாடகம் பிரமாதமாகிவிடாது. சுருதி சேரும். அந்த அணிக்கு அதுவே கொண்டாட்டமாக இருந்தது.

அந்தக் கோடையில் டெட்ராய்ட் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது, 1 கோடியே 80 லட்சம் டாலர். அதனால் யாரும் அவருக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். நம்மில் எவருக்கும் அவருடைய ஒரு மாதச் சம்பளம் ஆயுளுக்குப் போதும். ஆனால் 28 வயதில்தான் ஒரு மனிதர் முதன்முறையாக ஓர் ஊரில் தொடர்ந்து மூன்று வருடம் இருந்தார் என்பதும் உண்மை. அங்கே ரெஜி ஜாக்சனுக்கு மாற்றாக இருந்தார். ஜாக்சனுக்குக் காயம் பட்டபோதெல்லாம் முதல் ஐவரில் இறங்கினார்.

இப்படிச் சுற்றியவர்கள் பயிற்சியாளர்களானால் ஜொலிப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். கெவின் ஆலி என்று ஒருவர், அவரும் பாயிண்ட் கார்டு, பத்துக்கு மேற்பட்ட அணிகள். கடைசியாக 2009-10 பருவத்தில் ஓக்லஹோமா சிட்டியில் இளைஞர்களான கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே தொழில் ஒழுக்கத்தைக் கொண்டுவந்தவர் ஆலிதான் என்று டுரான்ட் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியைத் தேசிய சாம்பியனாக்கினார் ஆலி.

ஸ்மித் டெட்ராய்டிலிருந்து வாஷிங்டன். 2021இல் சார்லட், பிறந்த ஊர். அப்பாடா என்று பெட்டியைப் பிரித்திருப்பார். ஆறே மாதம், 2022 பிப்ரவரியில் திரும்ப வாஷிங்டனுக்கு டிரேட். ஜூலையில் டென்வர். அந்த டிரேடில் பெரிய பெயர் கென்டேவியஸ் கால்டுவெல்-போப். இவர் வழக்கம்போல் கூடவே.

டென்வரில் ஒரு வேடிக்கை. அங்கே பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலையைச் செய்வது பாயிண்ட் கார்டு இல்லை. செர்பியாவிலிருந்து வந்த நிகோலா யோகிச், ஏறக்குறைய ஏழடிச் சென்டர், கோர்ட்டின் நடுவில் நின்றுகொண்டு தலைக்குப் பின்னாலெல்லாம் பாஸ் கொடுக்கிறார். வாழ்நாள் முழுக்க எந்தத் தொழிலைச் செய்தாரோ அந்தத் தொழிலுக்கு ஆள் தேவைப்படாத ஒரே அணியில் போய்ச் சேர்ந்தார் ஸ்மித். அதிகம் ஆடவில்லை. பிப்ரவரியில் இன்னொரு மாற்று கார்டு வேறு வந்து சேர்ந்தார், யார் என்றால் டெட்ராய்டின் அதே ரெஜி ஜாக்சன். இருவரும் பெஞ்சில் அக்கம்பக்கம். 2023 ஜூன் 12ஆம் தேதி மயாமியை ஐந்தாவது ஆட்டத்தில் தோற்கடித்து டென்வர் தன் வரலாற்றில் முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. பதிமூன்றாவது ஊரில் சாம்பியன் மோதிரம்.

அந்த அக்டோபரில் சார்லட் கூப்பிட்டது. போனார். வயது 35. அணியின் நட்சத்திரம் லமெலோ பாலுக்குக் கணுக்காலில் காயம், அந்தப் பருவத்தில் 22 ஆட்டம்தான் ஆட முடிந்தது. சார்லட் 21 ஜெயித்தது, 61 தோற்றது. தன் 14ஆவது பருவத்தில் ஸ்மித், பெயர்களையும் சொற்களையும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆடிய கான்கார்டுக்கு அடுத்த ஊரிலேயே, பையன்களுக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்: எகிறுகிறவனுக்கு மேலே, நின்று வாங்குகிறவனுக்குக் கையில்.

மணி எட்டாகப் போகிறது, கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று வாசலில் ஒருவர் சாவியோடு நிற்கிறார்.